லெஸ்யா உக்ரையின்கா மக்களை விட்டு விலகிய விமர்சகரா?

ஜனவரி 12
(வாசகர் ஒருவர் கேட்டது)

உக்ரேனியக் கவிஞரும் நாடகாசிரியருமான லெஸ்யா உக்ரையின்காவின் நாடகங்கள் ட்ராய், ரோம், பாபிலோன் என்று எங்கெங்கோ நடக்கின்றன. உக்ரைன் கிராமம் அதில் எங்கே இருக்கிறது? அவருடைய விமர்சனத்தைப் பற்றிப் படித்தபோதும் இதே எண்ணம்தான் வந்தது. விவசாயிகளைப் பற்றி எழுதியவர்களைக் குறை சொல்கிறார், ஜெர்மன் படித்து வளர்ந்த எழுத்தாளர் கொபிலியான்ஸ்காவைத் தூக்கிப் பிடிக்கிறார். நவ ரொமான்டிசிசம் என்பது மேல்தட்டு ரசனைக்கு வைத்த மரியாதையான பெயர் என்றே எனக்குப் படுகிறது. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 12, இரவு

மறுக்கிறேன்.

அவர் மிக உயர்வாக மதித்த எழுத்தாளர்களில் ஒருவர் வசில் ஸ்டெஃபானிக். ஸ்டெஃபானிக் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. எழுதியதும் கிட்டத்தட்ட முழுக்க விவசாயிகளைப் பற்றித்தான். புக்கோவினா (அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்த பகுதி) எழுத்தாளர்களைப் பற்றி லெஸ்யா 1899இல் கீவ் நகரத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அது 1900இல் பீட்டர்ஸ்பர்க்கின் ‘ஷீஸ்ன்’ இதழில் கட்டுரையாக வந்தது. ஃபெத்கோவிச், கொபிலியான்ஸ்கா, ஸ்டெஃபானிக் மூவரையும் அதில் எடுத்துக்கொள்கிறார். ஸ்டெஃபானிக் கலீசியாக்காரர், ஆனால் அவருடைய முதல் தொகுப்பு 1899இல் புக்கோவினாவின் செர்னிவ்ட்ஸியில் அச்சானது, அதனால் இந்தக் கணக்கில் வந்துவிட்டார்.

அங்கே லெஸ்யா சொல்வதன் சாரம் இது. ஸ்டெஃபானிக் நரோத்னிக் (விவசாய மக்களே தேசத்தின் உயிர் என்று கருதியவர்) அல்ல. படித்த வர்க்கத்துக்குத் தெரியாத ஏதோ அறநெறியும் நற்குணங்களும் கிராமத்தானிடம் பத்திரமாக இருக்கின்றன என்று அவர் காட்டுவதில்லை. அவை இல்லாமல் போனதைத்தான் காட்டுகிறார். தேர்ந்த கையால், அன்புள்ள கையால் காட்டுகிறார். மக்களை இலட்சியமாக்கிப் பாடிய அத்தனை புகழுரைகளையும்விட இது வாசகனை ஆழமாகத் தைக்கிறது, பயனும் அதிகம்.

‘அன்புள்ள கை’ என்பதைத் தவறவிடாதீர்கள். மக்களை விட்டு விலகியவர் இப்படி எழுத மாட்டார்.

ஜனவரி 14

நேற்று முழுக்க மனத்தில் ஓடியது இதுதான்: நரோத்னிக் விமர்சனத்தை நான் எளிதாகத் தள்ளிவிட்டது போல மேலே தெரிகிறது. அப்படித் தள்ள முடியாது. அதற்கு வலுவான காரணம் இருந்தது.

ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த உக்ரைனில் பிரபுக்கள் பலர் ரஷ்யர்களாகவோ போலந்துக்காரர்களாகவோ ஆகிவிட்டிருந்தார்கள். நகரங்களில் ரஷ்யம், போலிஷ், யித்திஷ் கேட்டன. உக்ரேனிய மொழி உயிரோடு இருந்தது கிராமத்தில். 1863இல் உள்துறை அமைச்சர் வலூயெவின் சுற்றறிக்கை, 1876இல் எம்ஸ் ஆணை, இரண்டும் உக்ரேனிய மொழியில் அச்சிடுவதற்குப் போட்ட தடைகள். இரண்டாவது ஆணைக்குப் பிறகு தணிக்கைக்கு உட்பட்ட கதை, கவிதை தவிர அந்த மொழியில் அச்சிட அனேகமாக எதுவும் மிச்சமில்லை. மொழிபெயர்ப்பு கூடாது, வெளிநாட்டிலிருந்து புத்தகம் கொண்டுவரக் கூடாது. அப்படிப்பட்ட நிலையில் ஒரு படித்த மனிதர் “விவசாயிதான் நம் தேசம்” என்று சொன்னால் அது பார்த்த உண்மை. பண்ணையடிமையாகப் பிறந்த கவிஞர் ஷெவ்சென்கோவே அந்த இலக்கியத்தின் தலைவாசல் என்னும்போது வேறு எப்படி யோசிப்பார்கள்?

லெஸ்யாவின் முக்கியமான கட்டுரைகள் ரஷ்ய மொழியில் இருப்பதும் இதனால்தான். விமர்சனக் கட்டுரையை உக்ரேனியத்தில் எழுதினால் கீவில் அச்சேறாது. 1905 புரட்சிக்குப் பின் கட்டு தளர்ந்ததும், புனைவில் உட்டோப்பியா பற்றிய தன் நீண்ட கட்டுரையை 1906இல் கீவின் ‘நோவா ஹ்ரொமாதா’ இதழில் சொந்த மொழியிலேயே வெளியிட்டார்.

இன்னொன்றும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நரோத்னிக் காலத்து நல்ல எழுத்தாளர்கள் வெல்லப்பாகு காய்ச்சவில்லை. நெச்சுய்-லெவிட்ஸ்கியின் ‘கைதாஷ் குடும்பம்’ (1879) மாமியார் மருமகள் சண்டையும் பங்காளிச் சண்டையுமாக நிரம்பியது. பனாஸ் மிர்னியும் அவருடைய சகோதரரும் எழுதிய நாவல் 1880இல் ஜெனீவாவில்தான் அச்சாக முடிந்தது. அச்சேற்றியவர் லெஸ்யாவின் தாய்மாமன் மிகைலோ த்ரஹோமானொவ். ஆக, எழுதியவர்களைவிட விமர்சகர்கள்தான் குறுகலாக இருந்தார்கள் என்பது என் எண்ணம். படைப்பாளி கிராமத்தில் கண்டதை எழுதினார். விமர்சகர் கிராமத்தையே தராசாக்கி, அதில் எடை நிற்காத எல்லாவற்றையும் ‘நமக்கு அந்நியம்’ என்று ஒதுக்கினார்.

ஜனவரி 14, கொஞ்ச நேரம் கழித்து

“நரோத்னிக் என்றால் லெனின் எதிர்த்தாரே, அவர்களா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒரே வேர், வேறு கிளை. ரஷ்ய நரோத்னிக்குகளுக்குக் கிராமச் சமூகத்தின் வழியே சோசலிசம் போவது முக்கியம். உக்ரேனிய நரோத்னிக்குகளுக்கு மொழி, நாட்டார் வழக்கு, கல்வி. தேசம் பிழைக்குமா என்ற கவலை அவர்களை ஆட்டிப்படைத்தது. லெஸ்யா பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டத்தோடு.

ஜனவரி 17

ஸ்டெஃபானிக்கின் ‘செய்தி’ (1899) கதையைப் படித்துவிட்டு இந்த இழைக்கு வாருங்கள் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு மூன்று பக்கம்தான்.

முதல் வரியிலேயே நடந்தது சொல்லப்பட்டுவிடுகிறது. ஹ்ரிட்ஸ் லெட்யூச்சி என்பவன் தன் இளைய மகளை ஆற்றில் மூழ்கடித்துவிட்டான். மூத்தவளையும் மூழ்கடிக்க நினைத்தான், அவள் கெஞ்சித் தப்பினாள். மனைவி இறந்தபின் பசியோடு போராடிய வீடு. குழந்தைகள் ரொட்டியைப் பிடுங்கித் தின்பதைப் பார்க்கிறான் அப்பன். அவர்களைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருக்கிறது. ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்தபின் மூத்தவளுக்கு வழி சொல்கிறான்: இந்தப் பாதையில் போ, யார் வீட்டிலாவது இரவு தங்கு, அப்புறம் வேலைக்குச் சேர்ந்துவிடு. கொஞ்ச தூரம் போனவளைத் திரும்பக் கூப்பிட்டு, நாய் வந்தால் கடித்துக் குதறிவிடும் என்று ஒரு கம்பைக் கையில் கொடுக்கிறான்.

எங்கள் வாசிப்புக் குழுவில் இதை வாய்விட்டுப் படித்தோம். முடித்ததும் வழக்கமாகப் பேசுகிறவர்கள் பேசவில்லை. நாற்பது வருடம் வயலில் கிடந்த ஒரு பெரியவர் மட்டும், “கம்பு கொடுத்தான் பாருங்க, அதான் அப்பன்” என்றார். அப்புறம் ஒரு நண்பர் ஆரம்பித்தார்: இது கிராமத்து ஏழையை மிருகமாகக் காட்டுகிறது, அவன் போராட்டம் எங்கே, நம்பிக்கை எங்கே என்று. பெரியவர் கோபப்பட்டார். மிருகம் என்று எங்கே எழுதியிருக்கிறது, எனக்குக் காட்டு என்றார்.

அன்றைக்கு அந்த இருவருக்கும் இடையில் நடந்தது, 1900இல் உக்ரேனிய இலக்கியத்தில் நடந்த சண்டைதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. கிராமத்தானிடம் நற்குணத்தைத் தேடுகிறவருக்கு ஹ்ரிட்ஸ் இழிவு. அந்தப் பெரியவருக்கு ஹ்ரிட்ஸ் ஒரு ஆள். அவனுக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. லெஸ்யா நின்றது பெரியவர் பக்கம்.

மூத்த உக்ரேனிய எழுத்தாளர் இவான் ஃப்ராங்கோவும் 1900களின் தொடக்கத்தில் இதைக் கவனித்துவிட்டார். தன் தலைமுறை வெளியிலிருந்து வாழ்க்கையை விவரித்தது என்றும், ஸ்டெஃபானிக் போன்றவர்கள் நேரே பாத்திரத்தின் ஆன்மாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அதையே மாய விளக்காக்கிச் சுற்றியிருப்பதை எல்லாம் ஒளியூட்டுகிறார்கள் என்றும் எழுதினார். தன் தலைமுறையைப் பற்றி இவ்வளவு நேர்மையாகச் சொல்ல எத்தனை மூத்தவர்களால் முடியும்?

ஜனவரி 20

சரி, நவ ரொமான்டிசிசம். கேள்வி கேட்டவர் இதைத்தான் மேல்தட்டு ரசனை என்றார்.

லெஸ்யா தன் விளக்கத்தை மிகத் தெளிவாக வைத்த இடம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய சமூக நாடகம் எப்படி இருந்தது என்ற கட்டுரை. எழுதியது 1901 வாக்கில். ‘ஷீஸ்ன்’ இதழை அந்த ஆண்டு அரசு மூடிவிட்டது. அவர் உயிரோடு இருந்தவரை கட்டுரை வெளிவரவில்லை. ரஷ்யம் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பத்தியைப் படித்தேன். அன்றிலிருந்து அது என்னோடு இருக்கிறது.

அவர் சொல்வது இப்படிப் போகிறது. பழைய ரொமான்டிசிசம் தனிமனிதனை விடுவிக்கப் பார்த்தது. ஆனால் அசாதாரணமானவனை, வீரனை மட்டும். எதிலிருந்து? கூட்டத்திலிருந்து. அடுத்து வந்த இயற்பண்புவாதம், தனிமனிதன் கூட்டத்துக்குள் மீளமுடியாமல் அமிழ்ந்தவன் என்றது. அந்தக் கூட்டத்தை ஆள்வது அவசியம் என்ற விதியும், அந்த விதியால் லாபம் பார்க்கத் தெரிந்த முதலாளி வர்க்கமும். நவ ரொமான்டிசிசமோ கூட்டத்துக்கு உள்ளேயே தனிமனிதனை விடுவிக்க முயல்கிறது. அவனுடைய உரிமைகளை விரிவாக்க வேண்டும், தன்னை ஒத்தவர்களைக் கண்டுகொள்ள வழி செய்ய வேண்டும். அவன் அசாதாரணமானவனாக இருந்தால், தான் கீழே இறங்காமல் மற்றவர்களைத் தன் உயரத்துக்குத் தூக்க வாய்ப்பு வேண்டும். நிரந்தரமான தார்மிகத் தனிமை, இல்லையென்றால் தார்மிகப் படைக்கொட்டடி, இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நிலை அவனுக்கு இருக்கக் கூடாது.

தார்மிகப் படைக்கொட்டடி! இதை எழுதும்போது அவருக்கு முப்பது வயது. அடுத்த அரை நூற்றாண்டு அவருடைய நாட்டுக்கு என்ன கொண்டுவந்தது என்பதை நினைத்தால் அந்தச் சொல் கனக்கிறது.

இதற்கு அவர் பேசும் உதாரணம் கெர்ஹார்ட் ஹாப்ட்மனின் ‘நெசவாளர்கள்’ (1892). 1844இல் சிலேசியாவில் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்த கதை. தனி நாயகன் கிடையாது. கூட்டம் மேடைக்கு வருகிறது, ஆனால் ஒரே குரலில் கத்தும் கும்பலாக வரவில்லை. ஒவ்வொருவரும் தன் பசி, தன் பயம், தன் கடவுளோடு வருகிறார்கள். மேல்தட்டு ரசனை உள்ளவர் தன் கொள்கைக்குப் பசித்த நெசவாளர்களிடம் போவாரா?

ஜனவரி 20, சேர்க்கை

1905இல் வொலொதிமிர் வின்னிச்சென்கோவைப் பற்றி ஒரு கட்டுரை ஆரம்பித்தார், பாதியில் நிற்கிறது. பண்ணைக்கூலிகளைப் பற்றிய ‘ஹொலொத்தா’ என்ற படைப்பில் அவர் கண்டு மகிழ்வது இதே விஷயம்: முக்கியப் பாத்திரம், துணைப் பாத்திரம் என்ற படிநிலை அங்கே கலைகிறது. கூலிக்காரர்கள் யாரும் வேறொருவருக்குப் பின்னணித் திரையாக நிற்கவில்லை. யாரையும் பின்னணியாக்காத எழுத்து, இதுதான் அவருடைய நவ ரொமான்டிசிசத்தின் நடு நரம்பு என்று நான் படிக்கிறேன்.

(வின்னிச்சென்கோவின் பிந்தைய எழுத்து அவருக்குப் பிடிக்கவில்லை. 1917இல் உக்ரைனின் முதல் அரசுக்குத் தலைமை ஏற்றவர் இதே வின்னிச்சென்கோதான். அதைப் பார்க்க லெஸ்யா இல்லை. 1913 ஆகஸ்டில் ஜார்ஜியாவின் சுராமியில் இறந்துவிட்டார்.)

ஜனவரி 23

என்னை உறுத்தும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். “மற்றவர்களைத் தன் உயரத்துக்குத் தூக்குவது.” யார் தூக்குவது, யாரை? ஹ்ரிட்ஸ் லெட்யூச்சியை யார் எங்கே தூக்க முடியும்? இங்கே பழைய வீரனின் நிழல் மிச்சம் இருக்கிறது என்று தோன்றியது. மக்களுக்குப் பாடம் சொல்ல வந்த நரோத்னிக் ஆசிரியருக்கும் இந்த அசாதாரண மனிதருக்கும் தூரம் அதிகம் இல்லையே என்றும் தோன்றியது.

இரண்டு நாள் இதையே நினைத்துவிட்டு அவருடைய ‘நிலவறைகளில்’ (1905) என்ற கவிதை நாடகத்துக்குத் திரும்பினேன். ரோமில், கிறிஸ்தவர்கள் மறைந்து வழிபடும் நிலவறையில் நடக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு அடிமை கேள்வி கேட்கிறான். இவ்வுலக எசமானன் போய் மேலுலக எசமானன் வந்தால் எனக்கு என்ன விடுதலை? நுகம் இலேசானாலும் நுகம்தானே? ஆயர் பொறுமையாகப் பதில் சொல்கிறார், பிறகு பொறுமை இழக்கிறார். அடிமை எழுந்து கிளர்ச்சிக்காரர்களோடு சேரப் போகிறான். மனிதரை அடிமையாக்காத ப்ரொமிதியூசுக்கே என் வணக்கம் என்கிறான்.

அவனை யாரும் தூக்கவில்லை. கூட்டத்தில் கடைசியில் நின்றவன் தானாக எழுந்தான். கொள்கையைவிட நாடகம் முன்னே போய்விட்டது. அப்புறம் பாருங்கள், கேள்வி கேட்டவர் சொன்ன அந்த ‘எங்கெங்கோ’ ரோமில்தான் இது நடக்கிறது. ரோமுக்குப் போனது அடிமையைப் பார்க்கத்தான்.

ஜனவரி 26

கொபிலியான்ஸ்கா பற்றிக் கேட்டவர்களுக்கு.

ஓல்ஹா கொபிலியான்ஸ்கா 1863இல் ஆஸ்திரியப் பேரரசின் புக்கோவினாவில் பிறந்தவர். முதலில் ஜெர்மனில் எழுதினார், பிறகுதான் உக்ரேனியத்துக்கு வந்தார். ‘மனுஷி’ (1894), ‘இளவரசி’ (1896) இரண்டிலும் படித்து, சிந்தித்து, தன் விருப்பப்படி வாழத் துடிக்கும் பெண்கள் நடுநாயகம். நீட்ஷேயின் வாசனை உண்டு. கூட்டத்தின் மேல் ஒரு சலிப்பும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஜெர்மன் படிப்பு உங்களைக் கெடுத்துவிட்டது என்று விமர்சகர்கள் சொன்னபோது, அதுதான் உங்களைக் காப்பாற்றியது, பரந்த ஐரோப்பாவைக் காட்டியது என்று லெஸ்யா அவருக்கு எழுதினார். இருவரும் 1899இல் சந்தித்தார்கள். 1901இல், அன்புக்குரிய நண்பர் மெர்ஷின்ஸ்கி மின்ஸ்க்கில் காசநோயால் இறந்தபின், லெஸ்யா போய்த் தங்கியது செர்னிவ்ட்ஸியில், கொபிலியான்ஸ்காவிடம். அவர்களுடைய கடிதங்களில் ‘நான்’, ‘நீ’ இருக்காது. ‘யாரோ ஒருவர் யாரோ ஒருவரை நேசிக்கிறார்’ என்று வரும். படிக்கும்போது மனம் இளகிவிடுகிறது.

அடுத்த ஆண்டு, 1902இல், விமர்சகர் செர்ஹி யெஃப்ரேமொவ் ‘கியெவ்ஸ்கயா ஸ்தரினா’ இதழில் ‘புதிய அழகைத் தேடி’ என்ற நீண்ட கட்டுரை எழுதினார். கொபிலியான்ஸ்காவும் ஹ்னாத் ஹொத்கெவிச்சும் முக்கிய இலக்கு. அழகை வழிபடுகிறார்கள், உழைக்கும் மக்களை இழிவாகப் பார்க்கிறார்கள், இது நோய் என்பது சாரம். ஒரு எழுத்தாளரின் பாத்திரம் கூட்டத்தைக் கண்டு சலித்தால் அந்த எழுத்தாளரே மக்கள் விரோதி என்று தீர்ப்பெழுதும் வழக்கம் அங்கே முழு வடிவில் இருக்கிறது.

ஆனால் அதே 1902இல் கொபிலியான்ஸ்காவின் ‘நிலம்’ நாவல் வருகிறது. டிம்கா கிராமத்தில் 1894இல் உண்மையாக நடந்த கொலை அதற்கு ஆதாரம். நிலத்துக்காக உடன்பிறந்தவனைக் கொன்ற சந்தேகம், ஊரின் பேச்சு, பெற்றவர்களின் பாதி உயிர். மக்களை இழிவாகப் பார்ப்பவர் இப்படி ஒரு தாயை எழுத முடியாது. ‘பண்பாடற்றவள்’ (1897) குறுநாவலின் மலைநாட்டுப் பராஸ்கா எழுதப் படிக்கத் தெரியாதவள். கொபிலியான்ஸ்காவின் பெண்களிலேயே சுதந்திரமானவள் அவள்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஜனவரி 26, இரவு

யெஃப்ரேமொவைப் பற்றி மேலே எழுதியதோடு விட்டால் அநியாயம். அந்தக் கட்டுரை எழுதும்போது அவருக்கு இருபத்தாறு வயதுதான். பின்னால் ஒரு முழு உக்ரேனிய இலக்கிய வரலாற்றையே எழுதியவர். 1929இல் சோவியத் அரசு அவரைக் கைது செய்தது. 1930இல் ஹார்கிவ் நகரின் ஓபரா அரங்கில் நடந்த வழக்கில் தண்டிக்கப்பட்டார். 1939இல் சிறைவாசத்திலேயே இறந்தார். வாழ்நாள் முழுக்க மக்களின் பெயரால் பேசிய மனிதரை, மக்கள் விரோதி என்று சொல்லி அழித்தார்கள். அவருடைய தீர்ப்புகளோடு நான் உடன்படவில்லை, அவர் பட்டதை நினைத்தால் மனம் தாங்கவில்லை.

ஜனவரி 29

ஃப்ராங்கோ–லெஸ்யா சண்டை பற்றி ஒருவர் நினைவூட்டியதற்கு நன்றி. இங்கே அது பொருந்துகிறது.

1896 இறுதியில் ஃப்ராங்கோ, ரஷ்யப் பேரரசிலிருக்கும் தீவிர மாற்றம் கோரிய உக்ரேனிய இளைஞர்கள் மக்களிடம் போவதில்லை என்று கடிந்து எழுதினார். லெவிவில் இருந்தவர், ஆஸ்திரிய ஆட்சியில் தேர்தலும் கட்சியும் பொதுக்கூட்டமும் பார்த்தவர். லெஸ்யா 1897இல் பதில் எழுதினார். அவர் வாதம்: எங்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை, ஜார் ஆட்சியில் கிராமத்துக்குப் போய்க் கூட்டம் போட முடியாது, தேசம் தன் படித்தவர்களை இழந்து நிற்கிறது, முதலில் அவர்களை மீட்க வேண்டும். ஃப்ராங்கோ காரமாகத் திருப்பினார்.

இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது, இருவர் நின்ற மண்ணும் வேறு. லெஸ்யாவின் விமர்சனத்தில் படித்தவர்களுக்கு இவ்வளவு இடம் ஏன் என்பதற்கு இந்த 1897 கட்டுரை ஒரு சாவி. விவசாயி மட்டுமே தேசம் என்றால் அந்தத் தேசத்துக்குத் தத்துவம், நகரம், விஞ்ஞானம், ஷேக்ஸ்பியர் எதுவும் தேவைப்படாது. ரஷ்ய அதிகாரிகளும் அதைத்தான் விரும்பினார்கள்: உங்கள் மொழி வீட்டுப் புழக்கத்துக்குப் போதும், மற்றதற்கு எங்கள் மொழி இருக்கிறது. நரோத்னிக் தராசு தெரியாமலே இந்த வேலிக்குக் கம்பு நட்டுக் கொடுத்தது. லெஸ்யா பதினெட்டு வயதிலேயே உலக இலக்கியத்திலிருந்து உக்ரேனியத்துக்கு மொழிபெயர்க்க வேண்டியவை என்று அண்ணனுக்கு ஒரு நீண்ட பட்டியல் எழுதி அனுப்பியவர். வேலி எங்கே போடப்படுகிறது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

சண்டை நடந்த மறு ஆண்டே, 1898இல், ஃப்ராங்கோ லெஸ்யாவின் கவிதை பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதி, இந்த நோயாளிப் பெண்தான் இன்றைய உக்ரைன் முழுவதிலும் கிட்டத்தட்ட ஒரே ஆண்மகன் என்றார். அந்தப் பாராட்டின் வடிவம் இன்று நெருடுகிறது. ஆனால் சண்டை போட்டவரைப் பற்றி மறு வருடமே இப்படி எழுத ஒரு பெரிய மனது வேண்டும்.

பிப்ரவரி 1

“கொள்கை எல்லாம் சரி, நாட்டார் கலைக்கு அவர் என்ன செய்தார்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி.

கொப்ஸார்கள் என்ற பார்வையற்ற பாடகர்கள் பந்தூரா மீட்டி ‘தூமா’ என்ற வரலாற்றுக் கதைப்பாடல்களைப் பாடி வந்தார்கள். நூற்றாண்டு திரும்பும்போது அவர்கள் அருகிக்கொண்டிருந்தார்கள். லெஸ்யாவும் கணவர் கிளிமென்ட் க்வித்காவும் தங்கள் பணத்தில் 300 ரூபிள் ஒதுக்கி, லெவிவிலிருந்து இசையறிஞர் ஃபிலாரெட் கொலெஸ்ஸாவை 1908இல் பொல்தாவா பகுதிக்கு வரவழைத்தார்கள். அவர் ஃபோனோகிராஃபின் மெழுகு உருளைகளில் கொப்ஸார்களின் பாட்டைப் பதிவு செய்தார். அதே ஆண்டு இறுதியில் யால்தாவில் ஹ்னாத் ஹொன்சாரென்கோ என்ற முதிய கொப்ஸாரின் பாட்டை லெஸ்யாவும் க்வித்காவுமே பதிந்தார்கள். கொலெஸ்ஸாவின் இசைக்குறிப்புகள் 1910இலும் 1913இலும் தொகுதிகளாக வந்தன. பணம் கொடுத்தது யார் என்று வெளியில் தெரிய வேண்டாம் என்பது லெஸ்யாவின் நிபந்தனை.

எலும்புக் காசநோய்க்காரர். எகிப்து, கிரிமியா, ஜார்ஜியா என்று வெயிலைத் தேடி அலைய வேண்டியிருந்தது, மருத்துவச் செலவே கழுத்தை நெரித்தது. அந்த நிலையில் இந்தப் பணம். அந்தக் காலத்தில் மக்கள், மக்கள் என்று எழுதிய பலரைவிட அந்த 300 ரூபிள் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ‘கிராமத்தைப் போல எழுது’ என்ற கட்டளையைத்தான் அவர் மறுத்தார். கிராமத்தின் பாட்டு ஒரு சுரம்கூடத் தொலையக் கூடாது என்று நினைத்தவரும் அவரேதான்.

பிப்ரவரி 1, கிளைக்கதை

தங்கைக்காக எழுதிய கீழை நாடுகளின் பண்டைய வரலாற்றுப் பாடநூலில் ரிக் வேதப் பாடல்கள் சிலவற்றையும் அவர் உக்ரேனியத்தில் தந்திருக்கிறார். எழுதும்போது வயது இருபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. புத்தகம் அச்சானது 1918இல், இறந்து ஐந்தாண்டு கழித்து. நம் பக்கத்து வாசகர்களுக்காகச் சொன்னேன். இழைக்குத் திரும்புவோம்.

பிப்ரவரி 5

‘வனப்பாடல்’ (1911) பற்றிக் கட்டாயம் பேச வேண்டும், அது இல்லாமல் இந்த விவாதம் முடியாது. ஜார்ஜியாவின் குத்தாய்சியில் சில நாட்களிலேயே எழுதி முடித்தார். வொலின் காட்டு நம்பிக்கைகள் அத்தனையும் அதில் உண்டு: காட்டுக்கன்னி மாவ்கா, நீர்வாழ் கிழவன், காட்டுக்காவலன். முழுக்க நாட்டார் பொருள். நரோத்னிக் விமர்சகர் கொண்டாட வேண்டிய நாடகம்.

ஆனால் கதை எங்கே திரும்புகிறது பாருங்கள். லூகாஷ் என்ற விவசாயப் பையன் புல்லாங்குழல் ஊதுகிறான். மாவ்கா அந்த இசைக்கு விழித்து அவனை நேசிக்கிறாள். அவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. உன் வாழ்வால் உன்னையே எட்ட முடியவில்லையே என்று அவள் வருந்துகிறாள். அம்மாவின் நச்சரிப்பு, அறுவடை, வீட்டுக்கு உழைக்கும் மருமகள் வேண்டும் என்ற கணக்கு, இவற்றுக்கு அவன் இணங்கிவிடுகிறான்.

1901 கட்டுரையின் கேள்வி அப்படியே இங்கே இருக்கிறது: கூட்டத்துக்குள் இருக்கும் ஒருவன் தன் முழு உயரத்துக்கு எழ முடியுமா? லூகாஷைக் கிராமத்தான் என்பதற்காக அவர் மன்னிக்கவில்லை, இகழவும் இல்லை. அவனிடம் ஒரு கலைஞனிடம் எதிர்பார்ப்பதை எதிர்பார்க்கிறார். விவசாயியை இதைவிட மதிக்க வழி இருக்கிறதா?

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, “அப்படியென்றால் நரோத்னிக் ஒரு பக்கம், நவீனத்துவம் ஒரு பக்கம் என்று பிரித்துப் படிப்பதே தவறா?” என்று கேட்டிருக்கிறார்.

இலக்கிய ஆய்வாளர் ஸொலோமியா பாவ்லிச்கோ 1997இல் உக்ரேனிய நவீனத்துவம் பற்றிய தன் நூலில் இந்த மோதலை மையமாக வைத்தார். அதற்கு முன் சோவியத் பாடநூல்கள் லெஸ்யாவைப் புரட்சிக் கவிஞராக மட்டும் நிறுத்தி, மற்றதைப் பேசாமல் வைத்திருந்தன. அந்த அமைதியை உடைத்த நூல், அதன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் அந்தப் பிரிவினையை ஒரு கோடாக இழுத்தால் லெஸ்யா அதன் இரண்டு பக்கமும் நிற்பார். கொபிலியான்ஸ்காவையும் ஹாப்ட்மனின் நெசவாளர்களையும் ஒரே மூச்சில் நேசித்தவர். த்ரஹோமானொவின் சகோதரி மகள், சமதர்மத்தை நம்பியவர். கூட்டத்தை வெறுக்கும் கலைஞனின் பெருமிதம் அவருக்கு ஒட்டவே இல்லை.

எதை முதலில் படிக்கலாம் என்றும் கேட்டீர்கள். ஸ்டெஃபானிக்கின் ‘செய்தி’, அடுத்து அவருடைய ‘கல் சிலுவை’. பிறகு புக்கோவினா கட்டுரை, சமூக நாடகக் கட்டுரை. கடைசியாக ‘நிலவறைகளில்’. ஆங்கிலத்தில் நாடகங்கள் கிடைக்கின்றன. கட்டுரைகளுக்கு ரஷ்யமோ உக்ரேனியமோ தெரிந்த ஒருவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். சமூக நாடகக் கட்டுரையின் அந்த ஒரு பத்தியையாவது முழுமையாகத் தமிழில் கொண்டுவர இப்போது உட்கார்ந்திருக்கிறேன், முடிந்ததும் இங்கேயே போடுகிறேன். ரஷ்யம் தெரிந்தவர்கள் வரிக்கு வரி சரிபார்த்துச் சொல்லுங்கள்.